உடோன் சாற்றில் மாசி மணம்: ஒரு டோக்கியோ ஃபுட் கோர்ட்டில் ஏழு ஆண்டுகள்

டோக்கியோவின் நிஷிகசாய் பகுதிக்குக் குடிவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மதியச் சாப்பாடு பக்கத்து மால் ஒன்றின் ஃபுட் கோர்ட்டில்தான். சுவைக்காகப் போகிறோம் என்று சொன்னால் பொய். அங்கே கிடைப்பதைவிட நல்ல ராமென் நூடுல்ஸ் எங்கள் தெருமுனையிலேயே உண்டு. ஆனால் அந்தக் கடையில் மொத்தம் எட்டு நாற்காலிகள், மெனுவில் இருப்பதெல்லாம் பன்றி எலும்புச் சாறு. என் மனைவி சைவம், முட்டையும் ஆகாது. நான் மீன், கோழி சாப்பிடுவேன், மாடு தொடமாட்டேன். மகளுக்கு ஓமுரைஸ் (சோற்றை ஆம்லெட்டால் மூடியது) தவிர உலகில் வேறு உணவே இல்லை. இந்த மூன்று வயிறுகளும் ஒரே மேசையில் உட்கார எனக்குத் தெரிந்து ஃபுட் கோர்ட்டை விட்டால் வீடுதான்.

முதலில் மேசை பிடிக்க வேண்டும். ஞாயிறு 12 மணிக்குப் போனால் தட்டை ஏந்திக்கொண்டு கோயில் பிரகாரம்போலச் சுற்ற வேண்டியதுதான். 11 மணிக்குள் போய்விடுங்கள். மேசைமேல் கைக்குட்டையையோ, சிலர் கைப்பேசியையோகூட வைத்துவிட்டு வரிசைக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கிறது. நான் இன்றுவரை குடையை மட்டும்தான் வைக்கிறேன். பிறந்த ஊர்ப் பழக்கம் ஏழு ஆண்டுகளில் போகவில்லை.

பணம் கட்டியதும் கையில் ஒரு சிறு கருவி தருவார்கள். உணவு தயாரானதும் அது மேசையில் அதிர்ந்து கூவும். அதைக் கேட்டு ஓடுவது மகளின் வேலை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை அந்தந்தக் கடையின் ஜன்னலில் கொண்டுபோய் வைத்து, மேசையையும் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். துணி அங்கேயே இருக்கும். தண்ணீர் இலவசம். ஜனவரிக் குளிரிலும் ஐஸ் மிதக்கும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். சைவக்காரர்கள் இங்கே முதலில் கற்கவேண்டிய சொல் 'தாஷி'. இறைச்சி இல்லை என்று ஊழியர் சிரித்தபடி சொல்லும் கிண்ணத்தில்கூட அடியில் தாஷி இருக்கும். பெரும்பாலும் கட்சுஒபுஷி என்னும் காய்ந்த மீனைச் சீவி ஊறவைத்து எடுத்த சாறு அது. முதல் ஆண்டு, பொரித்து இனிப்பாக வேகவைத்த டோஃபு மிதக்கும் கிட்சுனே உடோனை (உடோன் என்றால் தடித்த கோதுமை நூடுல்ஸ்) மனைவி நாலைந்து முறை சாப்பிட்டிருப்பார். மீன் விஷயம் தெரிந்த அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதன்பின் கவுன்ட்டரில் இருக்கும் ஒவ்வாமை அட்டவணையைப் படிக்கத் தொடங்கினோம். பெரும்பாலான தொடர் உணவகங்கள் ஏறக்குறைய 30 பொருள்களைப் பட்டியலிடுகின்றன. கோதுமை, முட்டை, பால், இறால் எல்லாம் உண்டு. மாடு, பன்றி, கோழி மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் இருப்பதால் எனக்கு அது பஞ்சாங்கம் மாதிரி. ஜப்பானியக் கறி ரைஸின் குழம்பில் மாட்டுக் கொழுப்பு இருப்பதை அதில்தான் கண்டுபிடித்தேன். ஆனால் மனைவிக்குப் பயனில்லை. சால்மனும் கானாங்கெளுத்தியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, கட்சுஒபுஷிக்கு உரிய சூரை மீன் இல்லை. கட்டம் காலியாக இருக்கிறதே என்று நம்பினால் மீண்டும் அந்தப் பார்வைதான்.

இந்த மர்மத்தை ஒரே மூச்சில் உடைத்தவர் என் அப்பா. தூத்துக்குடிக்காரர். இங்கே வந்திருந்தபோது உடோன் கிண்ணத்தைக் கையில் எடுத்தார், முகர்ந்தார். “மாசி போட்டிருக்கிறார்கள்” என்றார். நான் சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நம் மாசிக் கருவாடும் சூரையை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோலக் காயவைத்து எடுப்பதுதான். நாம் இடித்துச் சம்பல் செய்கிறோம், இவர்கள் மரச்சீவல்போலச் சீவுகிறார்கள். தகோயாகி என்னும் ஆக்டோபஸ் உருண்டைமேல் அந்தச் சீவல் சூட்டில் நெளிவதைப் பார்த்து அப்பா, “காகிதம் மாதிரிச் சீவிவிட்டார்களே” என்று அங்கலாய்த்தார். சாற்றை மட்டும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

செலவு ஏறிக்கொண்டே போகிறது. வந்த புதிதில் மூவருக்கும் 2000 யென் போதும், இப்போது 3000 தாண்டுகிறது. 2019 அக்டோபரில் விற்பனை வரி 10 சதவீதமானபோது பார்சலுக்கு மட்டும் 8 சதவீதமே என்று வைத்தார்கள். ஃபுட் கோர்ட் மேசையில் உட்கார்ந்தால் 10. 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்த வாரத்தில் ஒரு கடையின் உணவுச் சீட்டு தரும் இயந்திரம் என் புத்தம்புது 1000 யென்னை நான்கு முறை துப்பியது. பின்னால் ஆறு பேர் வரிசையில் மௌனமாக நின்றார்கள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மூலையில் இந்தியக் கறிக் கடையும் உண்டு. நடத்துபவர்கள் நேபாளிகள். நான் ரொட்டி தட்டைவிட்டு வெளியே தொங்கும், பன்போல இனிக்கும். அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

மனைவி கடைசியில் கண்டடைந்த வழி வேறு. உடோன் என்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மட்டுமே. சாறு வேண்டாம், வெறும் குளிர்ந்த உடோன் போதும் என்று கேட்டால் முதல் முறை திகைத்தார்கள், இப்போது முகம் பார்த்ததுமே தருகிறார்கள். வெங்காயத்தாளும் துருவிய இஞ்சியும் போட்டு, கைப்பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுப்பார். நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடி. வெளி உணவு கூடாது என்று தூணில் பலகை தொங்குகிறது. ஒரு தேக்கரண்டிப் பொடி உணவுக் கணக்கில் வராது என்பது அவர் கட்சி. அதனால் எப்போதும் தூணுக்குப் பின்னால் உள்ள மேசையாகப் பார்த்துக் குடையை வைக்கிறேன்.