காரைக்கால் ராடரும் யாழ்ப்பாணத்து மாரியும்: எதை எதற்கு நம்பலாம்?

போன் திரையில் நீலமும் பச்சையுமாய் நகர்வதெல்லாம் ராடர் இல்லை. பல செயலிகள் செய்மதிப் படத்திலிருந்து ஊகித்த மழையையும் கணினி மாதிரியின் கணிப்பையும் அதே நிறங்களில்தான் காட்டுகின்றன. யாழ்ப்பாணத்து மழைக்கு உண்மையில் கைகொடுப்பது இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ராடர் படம். பல மாரிகள் தொடர்ந்து பார்த்துவந்தால் ஒன்று தெளிவாகும்: அது சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தூரம்.

காரைக்காலிலிருந்து யாழ் நகர் நேர்கோட்டில் ஏறக்குறைய 140 கி.மீ. ராடர் கதிரை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறது. அடிவானத்திலிருந்து அரைப் பாகை உயர்த்தி அனுப்பும் கதிர், பூமியின் வளைவும் சேர, நல்லூருக்கு மேலே வரும்போது சுமார் 2.4 கி.மீ. உயரத்தில் இருக்கும். வவுனியாவில் ஐந்து கி.மீற்றரைத் தாண்டிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடியோடு எழும் முகில் பத்து கி.மீற்றருக்கு மேலும் வளரும் என்பதால் ராடருக்கு அது தப்பாது. கார்த்திகை, மார்கழியில் வாடையோடு கடலிலிருந்து வரும் பதிந்த முகில் அப்படியில்லை. அதன் மழை பெரும்பாலும் கதிருக்குக் கீழேயே உருவாகிறது. படத்தில் மங்கலாய் ஒரு நீலப்புள்ளி, சிலவேளை அதுவும் இல்லை. கீழே கூரைப் பீலி நிரம்பி வழியும். மாரியில் படம் வெறுமையாக இருக்கிறதே என்று ஒடியலை வெயிலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இடிமழைக் காலத்தில் அதே வெறும் படத்தை அடுத்த அரை மணிநேரத்துக்குத் துணிந்து நம்பலாம்.

நிற அளவுகோலில் உள்ள எண் டெசிபெல் இசட் (dBZ), திரும்பிவரும் கதிரின் வலிமையைச் சொல்லும் அளவு. வழக்கமான கணக்கின்படி 20 என்றால் தூறல், 30 என்றால் மணிக்கு 2–3 மி.மீ., 40 என்றால் 11–12 மி.மீ., 50 என்றால் 50 மி.மீ. அளவில். பத்துப் பத்தாகக் கூடினாலும் மழை நாலு மடங்காகப் பெருகுவதைக் கவனியுங்கள். மாரியில் எங்கள் தூரத்துக்கு 25ஐயே நனைக்கும் மழையாக எடுத்துக்கொள்வது நல்லது.

படத்தைத் திறந்ததும் நிறத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள். அது உலகப் பொதுநேரத்தில் (UTC) இருந்தால் ஐந்தரை மணிநேரம் கூட்ட வேண்டும்: 09:40 என்றால் எங்களுக்குப் பின்னேரம் 3.10. நிலையம் இயங்காதபோது பழைய படமே இணையப் பக்கத்தில் கிடக்கும். அரை மணிக்கு மேல் பழையதை ஒதுக்கிவிடுங்கள். பிறகு இருபது நிமிட இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிட்டு, மழைப்பட்டையின் முன்விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கலாம். பத்து கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 30. பருத்தித்துறையிலிருந்து யாழ் நகர் நேர்கோட்டில் சுமார் 29 கி.மீ., ஆகவே வடமராட்சியில் தொட்ட பட்டை ஒரு மணிநேரத்தில் நகரத்துக்கு வரும். இந்தக் கணக்கு நீண்ட பட்டைகளுக்கு மட்டுமே பொருந்தும். தனி முகில் அரை மணியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அது வரும் என்று காத்திருப்பது வீண். முற்றத்துக் காற்றை வைத்து முகில் போகும் திசையைச் சொல்லவும் வேண்டாம், மேலே காற்று வேறு திசையில் வீசலாம். தெளிந்த இரவில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளிகள் மழையல்ல. கதிர் கீழே வளைந்து கடலிலோ தரையிலோ பட்டுத் திரும்புவதால் வருபவை.

செயலிகளின் மணிக்கு மணி மழைப்படம்தான் அதிகம் ஏமாற்றுவது. ஐரோப்பிய வானிலைக் கணினி மாதிரி பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது, ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கி.மீ. ஒடுங்கிய குடாநாட்டில், கடல்நீரேரிகளுக்கு நடுவே, உங்கள் ஊர் கடல் கட்டத்திலேயே விழுந்திருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நல்ல வெயில் காலத்திலும் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை ஓரிரு பாகைதான் வித்தியாசம் என்று செயலி காட்டினால், அது பேசுவது கடலைப் பற்றி. இடத்தை உள்நிலப் பக்கம் சற்று நகர்த்தி மறுபடி பாருங்கள். நாளைக்கு மூன்று மணிக்கு மழை என்பதை நாளை பின்னேரம் மழைக்கு வாய்ப்பு என்று வாசிப்பதே சரி.

மூன்று நாளுக்கு முன்பே ஒரு தாழமுக்கம் வருவதை மாதிரிகள் நன்றாகவே சொல்கின்றன. அவை பிழைப்பது பெரும்பாலும் வேகத்தில். 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்தபின் மன்னார் வளைகுடாவில் அசையாமல் நின்றது. 2024 நவம்பரில் பெங்கல் எங்கள் கிழக்குக் கரையோரமாக ஊர்ந்து போனது. இப்படித் தங்கிவிடும் தொகுதிகளில் பாதை சரியாக இருந்தாலும் மழையின் அளவு தலைகீழாகும். ஆகவே ஒரு கணிப்பை மட்டும் பார்க்காமல், அடுத்தடுத்து வரும் மூன்று கணிப்புகளும் ஒரே நாளைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். சொன்னால் வெங்காயத்தை முன்கூட்டியே கிண்டி எடுக்கலாம்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் "வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் 100 மி.மீ.க்கு மேல்" என்று வந்தால், அது 8,884 சதுர கி.மீ. பரப்பில் எங்கோ சில இடங்களைப் பற்றியது. சங்கானையில் 15 மி.மீ. மட்டும் பெய்ததற்காக அறிவித்தல் பொய்த்தது என்று சொல்வது நியாயமில்லை. கடலுக்குப் போவோருக்கான எச்சரிக்கையை எந்தச் செயலியோடும் ஒப்பிட்டுத் தள்ளிவைக்க வேண்டாம்.

எந்த முன்னறிவிப்பு உங்கள் வளவுக்குப் பொருந்துகிறது என்று அறிய மழைமானி ஒன்று போதும். நேரான பக்கமுள்ள ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, புனல்போலச் செருகுங்கள். அடியின் வளைவு மறையும்வரை தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அதற்கு மேலே அடிமட்டத்தை ஒட்டுங்கள். ஒரு மி.மீ. உயர்ந்தால் ஒரு மி.மீ. மழை. மதிலிலிருந்தும் தென்னையிலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். திணைக்களத்தின் மழைநாள் காலை 8.30க்குத் தொடங்குவதால் நீங்களும் அந்த நேரத்திலேயே வாசித்து, பூச்சியம்வரை தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். அடைமழை நாளில் இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை வாசித்துக் கொட்டாவிட்டால் போத்தல் வழிந்து கணக்குக் கெட்டுவிடும்.