செனோட்டே குளியல்: வயடோலிட் பக்கமா, துலூம் பக்கமா?

மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில், குறிப்பாக வட பாதியில், தரைமேல் ஓடும் ஆறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பெய்யும் மழை அப்படியே சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். லேசான அமிலத்தன்மை கொண்ட அந்த நீர் பாறையைக் கரைத்துக் குகைகளாக்குகிறது. குகையின் கூரை எங்கே இடிந்து விழுகிறதோ, அங்கே செனோட்டே எனப்படும் நீர்க்குழி ஒன்று திறக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் இருப்பதால்தான் கான்குன் வந்து இறங்குகிறவர்களுக்குக் குழப்பம். ஒதுக்க முடிவது ஒரு நாளோ இரண்டு நாளோதான். அதில் உள்நாட்டு ஊரான வயடோலிட்டுக்குப் போவதா, கடலோரத் துலூமுக்குப் போவதா?

படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நிலத்தடி நீர்மட்டத்தைப் பாருங்கள். அது இரண்டு பக்கமும் கடல் மட்டத்தை ஒட்டியேதான் இருக்கிறது. மாறுவது தரையின் உயரம். வயடோலிட் பக்கம் தரை உயர்ந்திருப்பதால் தண்ணீர் இருபது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆகவே அங்கே செனோட்டே என்றால் ஆழக் கிணறு: நிறையப் படி இறங்க வேண்டும், இறங்கியதும் நிலைகொள்ளாத ஆழம், அழகெல்லாம் தலைக்கு மேலே. துலூமில் சில மீட்டர் இறங்கினாலே நீர். குகைகள் பக்கவாட்டில் பரவிக் கிடக்கின்றன. அழகு தண்ணீருக்கு அடியில். அங்கே நீந்துகண்ணாடி இல்லாமல் இறங்குவது காசைப் பாதி வீணாக்குவதுதான்.

வயடோலிட் பக்கம்

பழைய மாயன் கோயில் நகரமான சிச்சென் இட்சாவிலிருந்து சில நிமிடக் கார்ப் பயணத்தில் இருக்கும் இக் கில்தான் பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடம். வட்டமாகத் திறந்த வாய், விட்டம் சுமார் 60 மீட்டர். தரையிலிருந்து 26 மீட்டர் கீழே தண்ணீர். அதன் ஆழம் 40 மீட்டருக்குக் குறையாது. மேலிருந்து கொடிகளும் வேர்களும் தொங்குவதைப் பார்க்க உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் பேருந்துகள் சிச்சென் இட்சாவை முடித்துவிட்டு மதிய உணவுக்கு மொத்தமாக இங்கே வந்து சேரும். அந்த நேரத்தில் குளிப்பது என்பது லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே மிதப்பது. திறந்த உடனே போய்விட்டு, பிறகு சிச்சென் இட்சா போகலாம். ஆனால் வெயிலில் கோயில்களைச் சுற்ற வேண்டிவரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். சிச்சென் இட்சாவின் உள்ளேயே இருக்கும் புனித செனோட்டேயில் இறங்க அனுமதி கிடையாது.

எங்கள் கணக்கில் இக் கில்லைவிட மேல், வயடோலிட்டிலிருந்து 7 கிலோமீட்டரில் ட்சிட்னுப்பில் இருக்கும் இஷ்கேகென், சாமுலா இரட்டையர். ஒரே வளாகம், எதிரெதிர் வாசல். இரண்டுக்கும் கூரை உண்டு. இஷ்கேகெனில் சிறு துளை வழியே மட்டும் வெளிச்சம் இறங்கும். கூரையெங்கும் கசிவுக்கற்கள் விழுதுவிழுதாகத் தொங்கும். சாமுலாவில் மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நீள்கின்றன. படிகள் செங்குத்தாகவும் எப்போதும் ஈரமாகவும் இருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிமானமுள்ள நீர்க்காலணி நல்லது.

சூய்டூன் குளியலுக்கான இடம் அல்ல, படம் எடுக்கிற இடம். வட்டமான கல்மேடையில் ஒற்றை ஒளிக்கற்றை விழும் அந்தப் படத்துக்காகவே வரிசை நிற்கிறது. அந்த ஒளியும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. இந்த அட்சரேகையில் மே கடைசியிலும் ஜூலை பிற்பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். டிசம்பரிலோ நண்பகலிலேயே அடிவானத்திலிருந்து 46 பாகை உயரம்தான். அப்போது ஒளி சாய்ந்து, மேடையை விட்டு விலகி விழும். டிசம்பர் விடுமுறையில் இதற்காகவே போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான். வயடோலிட் ஊருக்கு நடுவிலேயே இருக்கும் சாசி செனோட்டே பாதி திறந்தது. மாலை ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் நடந்தே போய்வரலாம்.

துலூம் பக்கம்

கோபா சாலையில் துலூமிலிருந்து 4 கிலோமீட்டரில் கிரான் செனோட்டே. மரப்பலகைத் தளம், ஆழமில்லாத ஓரங்கள், ஆமைகள். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வசதியான இடம். அந்த வசதியே கூட்டத்தையும் கூட்டிவருகிறது. முற்பகல் பாதி தாண்டினால் நெரிசல்தான்.

தண்ணீருக்கடியில் குகையைப் பார்க்க வேண்டுமென்றால் டோஸ் ஓஹோஸ். 2018இல் இது சாக் ஆக்துன் நீரடிக் குகை அமைப்போடு இணைந்திருப்பது உறுதியானது. மொத்த நீளம் அப்போது 347 கிலோமீட்டர். ஸ்நார்க்கல் செய்தாலே, அதாவது மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்த்தாலே, மூழ்கிய கசிவுக்கற்களைப் பார்த்துவிடலாம். அவை தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது, வறண்ட குகையில் சொட்டுச் சொட்டாக உருவானவை. தொடாதீர்கள், கை எண்ணெய் படிந்தால் கறைதான்.

நீச்சல் தெரியாதவர்கள் இருக்கும் குடும்பம் நேராக அசூல் செனோட்டேக்குப் போகலாம். பிளாயா டெல் கார்மெனுக்குத் தெற்கே 307ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியது. முழுக்கத் திறந்தது, காலூன்றி நிற்கத் தோதான பகுதிகள் உண்டு. துலூமுக்கும் பிளாயாவுக்கும் இடையே ஓடும் பங்கு வேன்கள் சொன்ன இடத்தில் இறக்கிவிடும். திறந்த செனோட்டேக்களுக்கு ஒரு குறை: கோடையில் வெயில் பட்டுப் பாசி பெருகி மேல்நீர் பச்சையாகிவிடலாம். மூடியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

டைவிங் செய்வோர் கவனிக்க: சாதாரணச் சான்றிதழோடு போகக்கூடியது இயற்கை வெளிச்சம் எட்டும் பகுதிவரைதான், அதுவும் நீர்மட்டத்திலிருந்து மொத்தம் 60 மீட்டர் தூரத்துக்குள். வழிகாட்டி ஒருவருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போவதற்கு, ஒரு பங்கு திரும்பி வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. எலும்புக்கூட்டு உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் அதற்கு அப்பால் குகைப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். காலை மேலும் கீழும் அடித்தால் அடிவண்டல் கிளம்பி வெளியேறும் வழி மறைந்துவிடும். தவளை உதைதான் சரி.

இரண்டு பக்கத்துக்கும் பொது

தண்ணீர் ஆண்டு முழுவதும் 24, 25 டிகிரி. இறங்கும்போது சுகம், முக்கால் மணி நேரத்தில் நடுக்கம். சன்ஸ்கிரீன், கொசுவிரட்டி எதையும் பூசிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள், முதலில் ஷவர். முழுக்கை நீச்சல் சட்டை இரண்டு பிரச்சினையையும் தீர்க்கும். பருத்தி டி-ஷர்ட் நனைந்து கனக்கும், குளிரும் போகாது.

இது உப்பில்லாத நீர். கடலில் மிதப்பதுபோல் உடம்பு மிதக்காது. கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கடற்கரை நீச்சல் மட்டும் தெரிந்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் பல இடங்களில் கட்டாயம். அதன் பக்கிளைத் தளர்வாக விட்டால் ஜாக்கெட் மோவாய்வரை ஏறி நீந்துகண்ணாடியைத் தள்ளிவிடும்; தண்ணீர் உள்ளே வருவதற்குக் கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு இறங்குங்கள்.

நுழைவுக் கட்டணத்துக்கும் லாக்கருக்கும் பெசோ ரொக்கம் வைத்திருங்கள். ஏசி காரிலிருந்து நேராகக் குகைக்குள் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸ் பனித்துவிடும்; பதினைந்து நிமிடம் வெளியே வைத்திருந்துவிட்டு இறங்குங்கள்.

ஒரே நாளில் இரண்டு பக்கமும் என்று திட்டம் போடுகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். கான்குன், துலூம் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம், வயடோலிட் இருக்கும் யுகாத்தான் மாநிலத்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. காலையில் துலூமிலிருந்து கிளம்பி வயடோலிட் போனால் ஒரு மணி நேரம் கிடைக்கும். பிற்பகலில் வயடோலிட்டிலிருந்து துலூமுக்குத் திரும்பி இன்னொரு செனோட்டே பார்க்க நினைத்தால் அந்த மணி நேரம் கழிந்து, வாசல் மூடியிருக்கும்.