1,340 டாலரும் காரின் அசல் ஹெட்டுகளும் போயின: பழைய மஸ்டாங்கை வீட்டில் பழுது பார்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இதை எழுதும்போது கை இன்னும் பதறிக்கொண்டுதான் இருக்கிறது. பணம் திரும்பாது என்ற கடைசிப் பதில் நேற்று மாலைதான் வந்தது. 1,340 டாலர். அதைவிடப் பெரிய இழப்பு, 1966ஆம் ஆண்டிலிருந்து அந்தக் காரோடு சேர்ந்தே இருந்த இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளை (எஞ்சின் சிலிண்டர்களை மேலிருந்து மூடி, வால்வுகளைத் தாங்கும் வார்ப்பிரும்புப் பாகங்கள்) நானே பெட்டி கட்டி, கூலியும் கொடுத்து அனுப்பி வைத்தது. விற்றவரின் பெயரையோ, நான் அவரைக் கண்டுபிடித்த இணையச் சந்தையின் பெயரையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. புகார் நடவடிக்கையில் இருக்கிறது. பழைய கார்களுக்கான உதிரிபாகங்களைத் தனியார் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் சந்தை அது என்பதும், விற்றவர் பக்கத்து மாநிலத்தில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் ஹெட் புதுப்பித்து விற்பவர் என்பதும் போதும்.

மிச்சிகனில் வந்து குடியேறிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் வாங்கிய ஒரே ஆடம்பரம் 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் (நிலையான உலோகக் கூரை உள்ள கார்). வண்டி எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. முதல் 6 ஆண்டைக் குறிக்கும், எஃப் டியர்பார்ன் ஆலையை, 07 ஹார்ட்டாப் உடலை, சி என்பது இரட்டைத் துளை கார்புரேட்டருடன் வந்த 289 கன அங்குல வி-8 எஞ்சினை. கதவில் உள்ள தகட்டில் 12சி என்று இருக்கிறது. அதாவது மார்ச் 12 (ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று எண்ணிக்கொள்ள வேண்டும்). என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உருவான கார் என்பதில் எனக்கு அசட்டுப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைத்தான் விற்றவர் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

கோடை முடியும் தறுவாயில் எஞ்சின் சீராக நிற்காமல் தடுமாறத் தொடங்கியது. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் அளவியை வைத்துப் பார்த்தபோது ஏழு சிலிண்டர்களில் 140 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மேல் காட்டியது, ஏழாம் எண் சிலிண்டரில் மட்டும் 80. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் பார்த்தும் 80தான். எண்ணெய் ஊற்றியதும் அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டுக்குள் (மூடும்போது வால்வு உட்காரும் வளைய விளிம்பு) நன்றாக இறங்கிப்போயிருந்தது. இந்தக் காலத்துக் கார்களுக்கு இது தெரிந்த நோய். அவை ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயத்தின் படிவுதான் வால்வுக்கும் வார்ப்பிரும்புச் சீட்டுக்கும் நடுவே மெத்தைபோல் இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. எழுபதுகளின் நடுவில் குறையத் தொடங்கிய ஈயப் பெட்ரோல், 1996 ஜனவரி 1 முதல் சாலை வாகனங்களுக்கு அமெரிக்காவில் முற்றிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே, எக்ஸாஸ்ட் பக்கத்துச் சீட்டைக் குடைந்தெடுத்துவிட்டுக் கடினப்படுத்திய எஃகு வளையத்தைப் பொருத்துவதே நிலையான தீர்வு. அது வீட்டில் செய்யக்கூடிய வேலையன்று, மெஷின் ஷாப்பின் வேலை.

உள்ளூர் மெஷின் ஷாப்பில் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பனி விழுவதற்குள் வண்டியை ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இணையச் சந்தையில் தேடினேன். '1966 மஸ்டாங் 289 ஹெட், ஜோடி, முழுமையாகப் புதுப்பித்தது, கடினப்படுத்திய சீட், புதிய கைடு, புதிய ஸ்பிரிங், 890 டாலர்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது (கைடு என்பது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்). அந்த ஓராண்டில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மஸ்டாங்குகள் உருவாகியிருக்கின்றன, உதிரிபாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே விலை குறைவாக இருந்தது எனக்குச் சந்தேகம் தரவில்லை.

தொலைபேசியில் பேசினேன். வயதானவரின் குரல், நிதானமான பேச்சு. என் வண்டி எண்ணைக் கேட்டார். எஃப் என்ற எழுத்தைச் சொன்னதும் சற்று நிறுத்தி, "என் அப்பா அந்த ஆலையில்தான் முப்பது வருடம் வேலை பார்த்தார், உங்கள் காரை அவரும் தொட்டிருக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். அதற்குப் பின் நாற்பது நிமிடம் பேசினோம். சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகப் பற்றவைக்கப்படும் இக்னிஷன் வரிசை 1-5-4-2-6-3-7-8 என்பதை நான் சொல்ல அவர் முடித்தார், அவர் சொல்ல நான் முடித்தேன். ஏதோ ஒரே ஊர்க்காரர்கள் சந்தித்துக்கொண்டதைப் போல இருந்தது. இத்தனைக்கும் நடுவில் நான் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று: ஹெட்டின் வார்ப்பு எண்ணையும் தேதியையும் படமெடுத்து அனுப்புங்கள் என்பது. அவர் அனுப்பிய நான்கு படங்களும் பளபளக்கும் நீலப் பெயின்ட்டைத்தான் காட்டின. 1966 முதல் ஃபோர்டு எஞ்சின்களுக்கு அடித்த நீலம் அது. நிறம் சரியாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவன் நான்.

விலை 890 டாலர். பழைய ஹெட்டுகள் வந்து சேரும்வரை கோர் டெபாசிட் 300 டாலர், வந்ததும் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். கோர் டெபாசிட் இந்தத் தொழிலில் நியாயமான வழக்கம்தான். பழைய பாகத்தைக் கொடுத்தால்தானே அடுத்தவருக்குப் புதுப்பிக்க முடியும். பணம் கட்டும் முறையில்தான் சூது இருந்தது. சந்தையின் வழியாகக் கட்டினால் அவர்கள் கழிவு பிடிக்கிறார்கள், பணச் செயலியில் 'நண்பர்கள், உறவினர்' என்ற தெரிவில் அனுப்பினால் அந்தக் கழிவை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்றார். அப்பாவின் ஆலையைப் பற்றிப் பேசிய மனிதரிடம் அப்படி அனுப்ப எனக்குக் கூச்சம் எழவில்லை. 1,190 அனுப்பினேன். என் ஹெட்டுகள் இரண்டையும் மரப்பெட்டியில் வைத்து அனுப்ப மேலும் 150 ஆயிற்று. ஆக 1,340.

பத்தாம் நாள் அவருடைய பெட்டி வந்தது. கேரேஜில் பிரித்தபோது முதலில் பட்டது பெயின்ட்தான். காற்றும் புகையும் போகும் துவாரங்களின் உள்ளேகூட நீலம் வழிந்திருந்தது. புதுப்பித்த ஹெட்டுக்கு யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். பழைய வழக்கப்படி துவாரம் மேலே இருக்கும்படி நிறுத்தி மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் எட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளில் மூன்றின் கீழே ஈரம் கசிந்தது. வால்வைக் கழற்றி கைடில் வைத்து அசைத்தால் ஆடுகிறது, புதிய கைடாம். சீட்டைச் சுற்றி எஃகு வளையம் பதித்ததற்கான மெல்லிய கோடு எங்கும் இல்லை. கல்லால் அரைத்து மினுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஹெட்டைக் கவிழ்த்துப் பெயின்ட்டைத் தின்னரால் துடைத்தேன். வார்ப்பு எண் டி5 என்று தொடங்கியது. ஃபோர்டின் முறையில் சி என்பது அறுபதுகள், டி என்பது எழுபதுகள், அடுத்த இலக்கம் ஆண்டு. 1975! வால்வு கவருக்கு அடியில் மறைந்திருக்கும் தேதிக் குறியும் அதையே சொன்னது. என் ஹெட்டுகளில் இருந்ததோ சி6ஓஇ, தேதி 6பி14, அதாவது 1966 பிப்ரவரி 14. வண்டி உருவாவதற்கு நான்கு வாரம் முன்பு வார்த்தது.

ஹெட் எதுவானால் என்ன, பொருந்தினால் சரி என்று நினைப்பவர்களுக்காக ஒரு விளக்கம். என் காரின் காலத்து ஹெட்டில் வால்வைத் திறக்க உந்தும் தண்டான புஷ்ராட் ஒரு குறுகிய பிளவின் வழியாக மேலேறுகிறது, அந்த உந்தலை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோலான ராக்கர் ஆர்ம் பக்கவாட்டில் நழுவாமல் அந்தப் பிளவே வழிநடத்துகிறது. 1966ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஃபோர்டு இதை மாற்றியது. அதற்குப் பின் வந்த ஹெட்டில் புஷ்ராட் துளை அகலமான வட்டம், ராக்கரின் நுனியில் வால்வுத் தண்டை இருபுறமும் கவ்வும் விளிம்புகள் உண்டு. என்னிடம் இருக்கும் பழைய ராக்கரை அகலத் துளை உள்ள ஹெட்டில் மாட்டி ஓட்டினால், பிடிமானமின்றி ராக்கர் வால்வு நுனியிலிருந்து நழுவி, ஓடும் எஞ்சினிலேயே நாசத்தை விளைவிக்கும். எரிபொருள் எரியும் குழியான எரியறையின் கொள்ளளவும் வேறு. ஒரு கண்ணாடித் தகட்டை ஒட்டி அளவுக்குழாயால் திரவம் விட்டுப் பார்த்ததில் 58 கன சென்டிமீட்டர் வந்தது. என்னுடையது ஏறத்தாழ 54. தொழிற்சாலை தந்த 9.3 என்ற கம்ப்ரஷன் விகிதம் 9க்கும் கீழே இறங்கிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் மாட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும்.

உடனே எழுதினேன். முதல் பதில் அன்பாகத்தான் வந்தது: 289க்கும் பிறகு வந்த 302 எஞ்சினுக்கும் ஹெட் ஒன்றுதானே, போல்ட் போட்டால் உட்காரும். போல்ட் உட்காரும் என்பது உண்மைதான், ஆனால் நான் வாங்கியது 1966 மஸ்டாங் ஹெட் என்று எழுதி விற்ற பொருளை. எஃகு வளையம் எங்கே என்று கேட்டேன். எழுபதுகளின் ஹெட்டுகளில் சீட் தொழிற்சாலையிலேயே கடினப்படுத்தப்பட்டது என்றார். அந்தக் கடினம் மேற்பரப்பில் மெல்லிய ஏடாக மட்டுமே இருக்கும். அதை இவர் கல்லால் அரைத்துத் தள்ளியிருக்கிறார் என்பதைச் சுட்டிக்காட்டியதும் பதில்களின் தொனி மாறிவிட்டது. மெஷின் ஷாப்பின் எழுத்து அறிக்கை வேண்டும் என்றார். அறுபது டாலர் கொடுத்து வாங்கி அனுப்பினேன் (அதை இந்த 1,340இல் நான் சேர்க்கவில்லை). அறிக்கையைப் படித்தாரோ இல்லையோ, உரிமம் பெற்ற மெக்கானிக் பொருத்தினால்தான் உத்தரவாதம் என்று எழுதினார். வீட்டுக் கேரேஜில் தாமே பழுது பார்ப்பவர்களுக்கு விற்றே பிழைக்கிறவர் இப்படிச் சொல்கிறார்! அதுவும் நான் இன்னும் பொருத்தவே இல்லாத ஹெட்டுகளுக்கு.

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டியது கோர் டெபாசிட் விவகாரம். உங்கள் ஹெட்டுகளில் விரிசல் இருக்கிறது, ஆகவே 300 டாலர் கிடையாது என்று ஒரு படத்தோடு செய்தி வந்தது. ஹெட்டைக் கழற்றும்போது இடது பக்கத்துக்கு ஒரு புள்ளியும் வலது பக்கத்துக்கு இரு புள்ளியுமாக முனையில் பஞ்ச் குத்தி வைப்பது என் வழக்கம். படத்தில் அதே முனை தெளிவாகத் தெரிந்தது, புள்ளி எதுவும் இல்லை. வேறு யாருடைய ஹெட்டையோ படமெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். சரி, விரிசல் விழுந்ததாகவே இருக்கட்டும், என் ஹெட்டுகளையே திருப்பி அனுப்புங்கள், கூலி நான் தருகிறேன் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார். அதற்குப் பிறகு அழைப்புகள் எல்லாம் குரல் பெட்டிக்குத்தான் போயின.

சந்தைக்கு எழுதினேன். எங்கள் வழியாகப் பணம் செலுத்தப்படவில்லை, ஆகவே நாங்கள் தலையிட இயலாது என்று ஒரே வாசகத்தை மூன்று பேர் மூன்று பெயரில் அனுப்பினார்கள். பணச் செயலிக்காரர்கள், நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பிய தொகைக்குப் பாதுகாப்பு கிடையாது என்றார்கள். வங்கியில், நீங்களே அனுமதித்த பரிமாற்றம் என்றார்கள். மூவர் சொன்னதும் விதிப்படி சரியாகவே இருக்கலாம், என் 1,340 டாலர் மட்டும் யாருடைய விதியிலும் இல்லை. மிச்சிகனில் சிறு வழக்குமன்றம் 7,000 டாலர் வரை விசாரிக்கும், ஆனால் விற்றவர் வேறு மாநிலத்தவர். அங்கு போய் வழக்காட ஆகும் செலவை நினைத்தால் அதுவும் வேண்டாம் என்றே தோன்றுகிறது. மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

"பேச்சில் இனித்தால் பொருளில் புளிக்கும் என்று அம்மா சொல்வாரே, மறந்துவிட்டீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை.

விரிவான ஆலோசனைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. வார்ப்பு எண்ணும் தேதியும் தெரியும் படம் இல்லாமல் ஹெட், பிளாக் எதையும் வாங்காதீர்கள். வால்வு சீட்டின் அருகாமைப் படம் கேளுங்கள், வளையக் கோடு தெரிய வேண்டும். புதிய பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். நண்பர்கள், உறவினர் தெரிவில் அந்நியருக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். கடன் அட்டையில் கட்டினால் கணக்கறிக்கை வந்த 60 நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்க வழியுண்டு. வாங்கிய பாகம் உங்கள் எஞ்சினில் ஏறி ஓடும்வரை பழையதைக் கைவிட்டு அனுப்பாதீர்கள். ஆறு வாரம் ஆகும் என்று சொல்லும் உள்ளூர் மெஷின் ஷாப்புக்கே போங்கள்.

வண்டி இப்போது கேரேஜில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. திறந்து கிடக்கும் எட்டு சிலிண்டர்களிலும் எண்ணெய் தடவி, பழைய வேட்டி ஒன்றால் மூடி வைத்திருக்கிறேன். 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வார்த்த சி6ஓஇ ஹெட் ஒரு ஜோடி, புதுப்பிக்காதது, தென்கிழக்கு மிச்சிகனில் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். தேதிக் குறியின் படத்தை முதலில் அனுப்புங்கள். நேரில் வந்து பார்த்துத்தான் பணம் தருவேன்.