இரண்டு டேரின்கள்: யார்க்கா, சார்ஜென்ட்டா?

1964 முதல் 1972 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய 'பிவிட்ச்ட்' தொடரில், மந்திரக்காரி சமந்தாவின் கணவன் டேரினாக இரண்டு பேர் நடித்தார்கள். முதல் ஐந்து சீசனில் டிக் யார்க், மீதி மூன்றில் டிக் சார்ஜென்ட்.

யார்க்குக்கு ரப்பர் முகம். மாமியார் எண்டோரா ஏதாவது மந்திரம் போட்டதும் கண் பிதுங்க, குரல் உடைய அவர் பதறுவதிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடும். இத்தனைக்கும் கடும் முதுகுவலியோடு நடித்தவர். 1969இல் விலகியதும் அதனால்தான். சார்ஜென்ட் அலட்டிக்கொள்ளாதவர். பதறமாட்டார், சலித்துக்கொள்வார். மாமியாரோடு மல்லுக்கு நிற்க அது சரி. சமந்தா மயங்கிய ஆள் என்று நம்ப எனக்கு யார்க்தான் வேண்டும்.

முகம் மாறியதற்குக் கதையில் விளக்கமே கிடையாது. எண்டோரா மட்டும் வழக்கம்போல மாப்பிள்ளை பெயரைத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.