ஆடி காருக்கு ஆடித் தள்ளுபடி கிடையாது: தொலைந்த சாவியும் மூன்று வருட அனுபவமும்

தப்பு கார் வாங்கிய அன்றே நடந்துவிட்டது. 2020 கடைசியில், 2014 மாடல் ஆடி ஏ4 டீசல் வண்டி ஒன்றைப் பழைய கார் புரோக்கர் மூலமாக வாங்கினேன். 2014 மாடல், சென்னை வண்டி என்றால் நம் ஊர்க்காரன் முதலில் எதைப் பார்ப்பான்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதா என்று கார்ப்பெட்டைத் தூக்கிச் சேறு தேடினேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். சாவியை மட்டும் எண்ணவில்லை. ஒரே சாவிதான் கையில் வந்தது. “இன்னொண்ணு கோயம்புத்தூர் வீட்டுல இருக்கு சார், கூரியர்ல வந்துடும்” என்றார் புரோக்கர். நாலு மாதம் கழித்து அவர் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். நானும் விட்டுவிட்டேன். ஒரு சாவியில் வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது.

2022 பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவம். மாட வீதிகளுக்குள் வண்டியே விடமாட்டார்கள் என்பதால் லஸ் பக்கம் ஒரு சந்தில் நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு நடந்தோம். எனக்கு வேட்டி, ஜிப்பா. ஜிப்பா பாக்கெட்டில் சாவி. நீர்மோர் வாங்கக் குனிந்தேன், மகளின் செருப்பை மாட்டிவிடக் குனிந்தேன், யாரோ தள்ளியதில் ஒருமுறை தானாகவே குனிந்தேன். இரவு ஒன்பது மணிக்குக் கார் அருகே வந்து பாக்கெட்டில் கைவிட்டால் விபூதிப் பொட்டலம் மட்டும் இருக்கிறது. போலீஸ் பூத்தில் சொல்லி வைத்தேன். மறுநாள் விடியற்காலை தூய்மைப் பணியாளர்கள் கூட்டிக் குவித்திருந்த செருப்பு மலையையும் போய்ப் பார்த்தேன். அவ்வளவு செருப்பு, சாவி இல்லை.

பழைய அம்பாசடர் என்றால் சாவிக்காரர் அரைமணி நேரத்தில் அரம் போட்டு ஒன்றைச் செய்துவிடுவார். இந்தச் சாவிக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் இரும்பு நாக்கு. கதவை மட்டும் திறக்கும். இரண்டாவது, பட்டன் அமுக்கினால் வேலை செய்யும் ரிமோட், அதற்குத்தான் பேட்டரி. மூன்றாவது, ஒரு சிறிய சிப். அதற்குப் பேட்டரியே வேண்டாம். டேஷ்போர்டில் உள்ள பொந்தில் சாவியைச் செருகியதும் அங்கிருக்கும் கம்பிச்சுருள், 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் சிப்புக்கு மின்சாரம் கொடுத்து எழுப்புகிறது. வண்டி ஒரு கேள்வி கேட்கும், சிப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் ஸ்டியரிங் பூட்டு விலகும், இன்ஜின் பிடிக்கும். இதுதான் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998-லிருந்து புதுக் கார்களில் கட்டாயமான சமாச்சாரம்.

இது தெரியாமல் என் மைத்துனன், “அத்தான், புதுப்பேட்டைல பழைய சாவி மூவாயிரத்துக்குக் கிடைக்குமே” என்றான். போய்ப் பார்த்தால் நிஜமாகவே கிடைத்தது, நாலு வளையம் பொறித்த அசல் சாவி. ஆனால் ஒரு வண்டிக்குப் பழக்கிய சிப் அந்த வண்டிக்கே தாலி கட்டிக்கொண்ட மாதிரி. அப்படியே கொண்டுவந்து வேறு வண்டியில் சேர்க்க முடியாது. புதுப்பேட்டைச் சாவியில் நமக்கு உபயோகப்படுவது வெளி ஓடு மட்டும்தான்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தேன். ஆர்சி, ஆதார், போலீஸ் ரசீது மூன்றும் வேண்டும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் போட்டால் அந்த வண்டிக்கென்றே முன்கூட்டி எழுதப்பட்ட சாவி வெளிநாட்டிலிருந்து வரும், மூன்று நாலு வாரம் ஆகலாம், வந்தபின் வண்டியை இங்கே கொண்டுவர வேண்டும் என்றார்கள். எல்லாம் நியாயம்தான். வண்டி மட்டும் லஸ்ஸில் ஒருவர் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றது. கியர் ‘பி’யில் பூட்டு, ஸ்டியரிங் பூட்டு, முன்சக்கர இழுவை வண்டி. சும்மா கட்டி இழுத்தால் முன்சக்கரம் உருளாது, கியர்பாக்ஸுக்குத்தான் கேடு. ஃப்ளாட்பெட் லாரி அந்தச் சந்தில் திரும்பாது.

ஆகவே வெளி ஆள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சாவி வேலை தெரிந்த ஒரு பாயை அனுப்பினார். பாய் வந்ததும் முதலில் கேட்டது ஆர்சியும் என் அடையாள அட்டையும். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. எதையும் கேட்காமல் பெட்டியைத் திறக்கிறவர் நாளை வேறு எவனுக்கோ என் வண்டியையும் திறந்து கொடுப்பார்.

அவர் வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், காலை பதினொன்றிலிருந்து மூன்றரை வரை. ‘லிஷி’ என்கிறார்களே, பூட்டுக்குள் விட்டு ஒவ்வொரு தகட்டின் உயரத்தையும் படிக்கிற கருவி, அதைக் கதவுத் துளையில் நுழைத்தார். ஆறேழு நிமிஷத்தில் கதவு திறந்தது. அலாரம் அலறியது. தெருவே வந்து நின்றது. எதிர்வீட்டு மாமி, “உங்க காரா இல்லையா?” என்று என்னிடமே கேட்டார். கருவி காட்டிய உயரங்களைக் குறித்துக்கொண்டு, தன் ஆம்னி வேனில் வைத்திருந்த சின்ன மெஷினில் புது இரும்பு நாக்கை வெட்டி எடுத்தார். அது சுலபமான பாதி.

கடினமான பாதி டிக்கியில் இருந்தது. இந்த மாடலில் சாவிக் கணக்கை வைத்திருப்பது பிசிஎம் 2 என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி, டிக்கியின் வலப்பக்க உறைக்குப் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து ரகசியக் குறியீட்டைப் படித்து, புதுச் சாவியின் சிப்பில் எழுதி, பிறகு வண்டியோடு சேர்க்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஆம்னியிலிருந்து வயர் இழுத்து என் கார் பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக்கொண்டார். நடுவில் வோல்டேஜ் இறங்கினால் பெட்டியே செத்துவிடும், அப்புறம் சாவிச் செலவு சில்லறை மாதிரித் தெரியும் என்றார். யாரையாவது கூப்பிட்டால் சார்ஜர் கொண்டுவருகிறாரா என்று கவனியுங்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்லுவேன். மூன்றரை மணிக்குச் சாவியைப் பொந்தில் செருகினார், இன்ஜின் பிடித்தது. 26,000 ரூபாய். நான் பேரம் பேசவில்லை.

ஒற்றைச் சாவியால் பட்ட பாடு போதும் என்று ஜூலையில் கம்பெனிச் சாவிக்கும் ஆர்டர் கொடுத்தேன். ஆடி மாதம். “ஆடித் தள்ளுபடி உண்டா?” என்று கேட்டேன். அந்த சர்வீஸ் அட்வைசர் இந்த ஜோக்கை வருஷா வருஷம் கேட்டிருப்பார் போல, முகம் மாறாமல் எஸ்டிமேட்டை நீட்டினார். சாவியும் சேர்ப்புக் கூலியும் சேர்த்து 51,000. இருபத்துமூன்று நாளில் சாவி வந்தது.

அங்கேதான் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயம் புரிந்தது. இந்தக் கார்களில் சாவி சேர்க்கும்போது, செல்லுபடியாக வேண்டிய எல்லாச் சாவிகளையும் அதே வேளையில் காட்ட வேண்டும். காட்டாத சாவியை வண்டி கணக்கிலிருந்து தள்ளிவிடும். பாய் சேர்த்த அன்றே மயிலாப்பூரில் தொலைந்த சாவி இப்படித்தான் செத்தது. இனி யார் கையில் அது இருந்தாலும் இன்ஜின் பிடிக்காது. சரி, நல்லதுதான். ஆனால் கம்பெனியில் அவர்களுடைய சாவியை மட்டும் சேர்த்தார்கள், பாய் செய்துகொடுத்த வெளிச்சாவியை நான் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் மனைவி அதை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, “ஏங்க, வண்டி என்னைத் தெரியாதுங்குது” என்று வந்து நின்றாள். பாயை மறுபடி கூப்பிட்டு, இரண்டையும் ஒன்றாகக் காட்டிச் சேர்க்க 4,000 ஆனது. எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் வெளிச்சாவியைக் கம்பெனி சேர்த்திருக்குமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. கணக்கிலிருந்து தள்ளினால் சிப்தான் சாகும். இரும்பு நாக்குக்குச் சாவே இல்லை. என் பழைய சாவியின் நாக்கு இன்றைக்கும் என் கார்க் கதவைத் திறக்கும். அதைத் தீர்க்கக் கதவுப் பூட்டையே மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை, சோம்பல்தான். லேப்டாப்பை மட்டும் வண்டியில் விடுவதில்லை.

மூன்று வருடமாக இரண்டு சாவியும் மாறி மாறிப் புழக்கத்தில் இருக்கின்றன. கம்பெனிச் சாவியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, ஒருமுறை சிஆர் 2032 பேட்டரி மாற்றியதோடு சரி. வெளிச்சாவி வேறு கதை. முதல் வருடம் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாம் வருடம் பட்டன் ரப்பர் கிழிந்தது. புது ஓடு 900 ரூபாய்க்கு வாங்கி உள்ளே இருப்பதை மாற்றிப் பொருத்தினேன். ரிமோட்டின் தூரம் குறைந்துகொண்டே வருகிறது. மால் பார்க்கிங்கில் முன்பு இருபது அடிக்கு அப்பாலிருந்து விளக்கு மின்னும், இப்போது கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பேட்டரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் சிப்? ஒரு நாள் கூட ஏமாற்றவில்லை.

அதற்குப் பெரிய சோதனை 2024 அக்டோபரில் வந்தது. ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் எல்லோரும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினோமே, அப்போது நானும் வரிசையில் ஒரு இடம் பிடித்தேன். 2023 மிக்ஜாம் புயலில் பக்கத்து வீட்டு வண்டி மிதந்ததைப் பார்த்தவனுக்கு அதற்குமேல் எச்சரிக்கை வேண்டியதில்லை. நிறுத்திவிட்டு மழையில் முட்டியளவு தண்ணீரில் நடந்ததில் பாக்கெட்டில் இருந்த வெளிச்சாவி ஊறிப்போனது. மறுநாள் பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. இரும்பு நாக்கை உருவிக் கதவைத் திறந்தேன். பொந்தில் செருகினேன், வண்டி கிளம்பியது. பேட்டரி இல்லாமல் ஓடுகிற சிப்பின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. ரிமோட் இரண்டு நாள் காய்ந்ததும் தானே உயிர்பெற்றது.

என் அனுபவத்தை வைத்து எல்லா வண்டிக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நண்பரின் பிஎம்டபிள்யூவில் பத்துச் சாவிக்கு இடம் உண்டு, தொலைந்த சாவியை மட்டும் தனியே முடக்கலாம். சித்தப்பாவின் மெர்சிடிஸில் இருப்பது எஃப்பிஎஸ் 4 என்கிற புதிய தலைமுறை இம்மொபிலைசர். அதற்குப் பெரும்பாலும் கம்பெனி வாசல்தான், “நான் பாதி விலையில் பண்ணித் தர்றேன்” என்பவரை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சாவியைப் பையிலேயே வைத்துக் கதவைத் தொட்டால் திறக்கிற வண்டி என்றால் வேறு கவலை. சாவியின் அலையை இரண்டு பேர் கருவிகளால் நீட்டிக் காரை எடுத்துப்போகலாம் என்று ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி 2016-லேயே சோதித்துக் காட்டியது. அந்த பிஎம்டபிள்யூ நண்பர் இரவில் சாவியைத் தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். சிரிப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் வேலை செய்கிறது.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. கார் திருடு போய் கிளெய்ம் போட்டால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்தது என்றால் அதற்கு அன்றைய தேதியிட்ட எழுத்து வேண்டும். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துச் சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். சாவிக்கென்றே தனி ஆட்-ஆன் பாலிசியும் உண்டு. நான் அதை எடுத்தது எல்லாம் முடிந்தபிறகு. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பார் என் மாமியார். உண்மையில் அவர் அதை என்னைப் பார்த்தேதான் சொன்னார்.

இப்போது வண்டியை விற்க வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் பார்க்க வந்தார். கார்ப்பெட்டைத் தூக்கிச் சேறு தேடினார், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், விலையில் நாற்பதாயிரம் குறைக்கச் சொன்னார். சாவி எத்தனை என்று கேட்கவே இல்லை. நானே இரண்டையும் எடுத்து பானெட்டின் மேல் வைத்தேன். வெளிச்சாவியைக் கையிலெடுத்து, “இது என்ன சார், பட்டன் இவ்வளவு லூஸா இருக்கு?” என்றார்.