முதுகெலும்பு டிபி: ஆபரேஷனா, மாத்திரையா?

அப்பாவின் முதுகுவலியை மூன்று மாதம் தைலம் தேய்த்தே ஓட்டினோம். சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தோம். இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகள் அரித்திருந்தன. ஊசி போட்டு எடுத்த சதைத் துணுக்கில் காசநோய்க் கிருமி. "இருமலே இல்லையே, எப்படி டிபி?" என்று அப்பா இன்னமும் கேட்கிறார்.

ஒரு டாக்டர் ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் என்றார். இன்னொருவர் மாத்திரையும் பெல்ட்டும் போதும் என்றார். நாங்கள் இரண்டாமவர் பக்கம் போனோம்.

ஆபரேஷனைக் குறைசொல்ல வரவில்லை. சீழை எடுத்து எலும்பை நிமிர்த்தி நிறுத்திவிடுவார்கள். செலவும் மயக்க மருந்தின் அபாயமும் தெரிந்த கதை. கால் பலம் குறைந்துகொண்டே போனால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், எலும்பு சரிந்து கூன் விழுந்தால் யோசிக்கவே கூடாது, ஆபரேஷன்தான். அப்பா நடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது ஒரே விஷயம்: ஆபரேஷன் செய்தாலும் மாத்திரையிலிருந்து தப்பிக்க முடியாது. அதே மருந்துகள், அதே ஒரு வருஷம். சென்னையில் 1970களில் தொடங்கிய ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களையும் மாத்திரையோடு நடமாடியவர்களையும் 10 ஆண்டுகள் கவனித்தார்கள், மாத்திரைக்காரர்கள் பின்தங்கவில்லை. ஆனால் நடக்க முடியாத அளவுக்குக் கால் விழுந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இதை மறந்துவிட்டு என் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆக, உண்மையான போராட்டம் அந்த ஒரு வருஷம்தான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போக, ரத்தம் என்று வீடே பதறியது. மூன்றாம் வாரம் வாந்தி. ஈரல் பரிசோதனை செய்து பார்த்தார்கள், நல்லவேளை ஒன்றுமில்லை. எத்தாம்புட்டால் என்ற இன்னொரு மருந்து கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் சிவப்பு, பச்சை சரியாகத் தெரிகிறதா என்று அவ்வப்போது கேட்போம். இதையெல்லாம் தாண்டி, பெரிய ஆபத்து மூன்றாம் மாதம் வந்தது. வலி போய்விட்டது. "எதுக்கு இன்னும் மாத்திரை?" என்று அப்பா டப்பாவைத் தள்ளி வைத்தார். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு மசியாத கிருமி மிஞ்சும். அப்புறம் அம்மாதான் தினசரி காலண்டரில் கோடு போட்டு, கண்முன்னே விழுங்க வைத்தார். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் வந்தது.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வளர வளரக் கூன் கூடலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரணச் சீழ்க்கிருமி முதுகெலும்பில் இறங்கினால் அது வேறு வியாதி. பெரும்பாலும் ஆறு வார ஆன்டிபயாட்டிக் என்பார்கள். அதில் எனக்கு அனுபவம் இல்லை.

நாங்களும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டோம், யாருக்கும் எதுவும் இல்லை. மாத்திரை முடிந்தும் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது தை மாதம். அதுவரை பெல்ட் பீரோ மேலேயே இருக்கட்டும் என்கிறார் அம்மா.