சுட்ட பித்தளைக் கூடுகளைச் சுத்தம் செய்ய: அல்ட்ராசோனிக்கா, சோளக் குருணையா, எவர்சில்வர் ஊசியா?

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஊறிப்போனவர்கள் பலர், சுட்டு முடித்ததும் தரையில் சிதறிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். கூடு, பிரைமர் (அடியில் இருந்து முதல் தீப்பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு என்று தோட்டாவுக்கு நான்கு பாகங்கள். அவற்றில் மறுபடியும் உதவுவது கூடு ஒன்றுதான், பெரும்பாலும் விலை கூடியதும் அதுதான். அதை எடுத்துச் சுத்தம் செய்து, அச்சில் வைத்து அளவுக்கு அமுக்கி, புது பிரைமரும் மருந்தும் குண்டும் சேர்ப்பதே ரீலோடிங். இதில் முதல் படியான சுத்தம் செய்வதில்தான் ஆளுக்கொரு கருத்து.

எந்த முறை நல்லது என்று பார்ப்பதற்கு முன், எதற்காகச் சுத்தம் செய்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். மணலோடும் கரியோடும் கூட்டை அச்சுக்குள் அழுத்தினால் அச்சில் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு வரும் ஒவ்வொரு கூட்டிலும் பதியும். இது ஒன்று. அழுக்கு போனால்தான் கழுத்தில் உள்ள விரிசலோ, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே தெரியும் பளபளப்பான வளையமோ கண்ணில் படும் என்பது இன்னொன்று. அந்த வளையம், கூடு உள்ளே மெலிந்து அடுத்த முறை இரண்டாகப் பிரியக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. பளபளப்பு இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. கடையில் வாங்கியது போல் மின்னவேண்டும் என்ற ஆசைக்காகப் பலர் தேவையில்லாத இயந்திரத்தை வாங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மூன்றில் பழையது உலர் டம்பிளர் என்ற உருட்டித் தேய்க்கும் இயந்திரம். அதிரும் கிண்ணத்தில் மக்காச்சோளச் சக்கைக் குருணையோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு, கூடுகளைக் கொட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஓட விட்டால் போதும். விலை குறைவு, தண்ணீர் வேண்டாம், காயவைக்கும் வேலையும் இல்லை. வெளிப்புறம் நன்றாகவே மினுங்கும். உட்புறமும் பிரைமர் குழியும் மட்டும் ஏறக்குறைய முன்பு இருந்தபடியே இருக்கும்.

தூசிதான் இதன் பெரிய குறை. வழக்கமான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட பிறகு அந்த ஈயம் கரியோடு கூட்டில் தங்கி, டம்பிளரில் குருணைக்கு மாறி, மூடியைத் திறந்து சலிக்கும்போது தூசியாகக் கிளம்புகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் கவனிக்கவேண்டிய ஈய அளவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் வைத்திருக்கும் வரம்பு, டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் மட்டுமே. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் உலர் டம்பிளரை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். வெளியே வைத்து, முகமூடி போட்டுச் சலித்து, கையை நன்றாகக் கழுவுங்கள்.

அடுத்தது எவர்சில்வர் ஊசிகளோடு தண்ணீரில் உருட்டும் முறை. பாத்திரம் கழுவும் சோப்பும் துளி சிட்ரிக் அமிலமும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் உருட்டினால் உள்ளும் புறமும் பிரைமர் குழியும் புதிது போல ஆகிவிடும். 7 லிட்டர் உருளைகளில் ஆயிரம் .223 (சிறிய ரைஃபிள் தோட்டா அளவு) கூடுகள் வரை ஒரே தடவையில் போடலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் ஊசிகளைப் பிரித்தெடுப்பது தனி வேலை. நெடுநேரம் ஓட்டினால் கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பு தட்டையாகிவிடும். கழுத்தின் உட்புறம் அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிடுவதால் குண்டை இறக்கும்போது பிடிப்பு கூடுகிறது, அது கூட்டுக்குக் கூடு மாறவும் செய்கிறது. அதனால்தான் நீண்ட தூரம் சுடுபவர்களில் சிலர் கழுத்தில் கிராஃபைட் தடவுகிறார்கள், வேறு சிலர் கொஞ்சம் கரி இருக்கட்டும் என்று உலர் முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

இனி அல்ட்ராசோனிக். தொட்டியின் அடியில் ஒட்டிய டிரான்ஸ்டியூசர்கள் (மின்சாரத்தை அதிர்வாக மாற்றுபவை) நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிர, திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் வேகத்தில் கரி பெயர்ந்துவிடுகிறது. திரவம் தொடும் இடத்தில் எல்லாம் இது நடக்கும். பிரைமரை முதலிலேயே தட்டி எடுத்துவிட்டால் குழியும், பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் ஃபிளாஷ் துளையும், உட்சுவரும் சுத்தமாகும். ஊசி இல்லை, உராய்வு இல்லை, கழுத்து விளிம்பு அடிபடுவதில்லை. தூசியும் இல்லை. எனக்கு இந்தக் கடைசி ஒன்றே போதுமான காரணம்.

திரவம் போகாத இடத்தில் மட்டும் எதுவும் நடக்காது. குறுகிய கழுத்துள்ள ரைஃபிள் கூடுகளில் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் சாய்த்து அமிழ்த்த வேண்டும். கூடையை நிறைத்துத் திணித்தால் நடுவில் இருப்பவை அப்படியே கறுப்பாக வரும். 2 லிட்டர் தொட்டியில் நூறு .308 (.223-ஐவிடப் பெரிய ரைஃபிள் அளவு) கூடுகள் என்பதே கூடுதல், பாதியளவு போட்டால் வேலை சுத்தம். திரவம் 50, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். கூடுகளைப் போடும் முன் சில நிமிடம் வெறுமனே ஓட்டி, கரைந்துள்ள காற்றை வெளியேற்றுங்கள். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டு அலுமினியத் தாளைத் தொங்கவிட்டுப் பாருங்கள், சீக்கிரமே ஊசிக்குத்து போல் புள்ளிகள் விழவேண்டும்.

கரைசல்தான் கவனம் வேண்டிய இடம். கூட்டின் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போலத்தான் சிட்ரிக் அமிலமும் வேலை செய்கிறது. ஆனால் அமிலம் கூடினாலோ நேரம் நீண்டாலோ மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து, கூடு இளஞ்சிவப்பாகிவிடும். 10, 15 நிமிடம் போதும். பிறகு வெந்நீரில் அலசி, சமையல் சோடா கலந்த நீரில் ஒருமுறை முக்கினால் மிச்ச அமிலமும் போய்விடும்.

அம்மோனியா கலந்த எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ராணுவத் தோட்டாக்களின் கூடுகள், சுடாமலேயே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளையில் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. பித்தளைப் பாலிஷ்கள் சிலவற்றில் இன்றும் அம்மோனியா உண்டு. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அல்ட்ராசோனிக்கில் மினுமினுப்பை எதிர்பார்க்க முடியாது. சுத்தமாக, ஆனால் மங்கலாகத்தான் வரும். காயவைப்பதும் உண்டு. ஓவனில் வைப்பதானால் 100 டிகிரிக்குக் கீழேயே இருக்கட்டும், சூடு மிகவும் ஏறினால் கூட்டின் அடிப்பாகம் இளகிவிடும் அபாயம் இருக்கிறது. சமையலுக்குப் பயன்படும் ஓவனும் தட்டும் வேண்டாம். ஈயம் தொட்டித் தண்ணீரில் இருப்பதால் அதைத் தோட்டத்தில் ஊற்றாமல், உள்ளூர் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது? மாதம் ஆயிரக்கணக்கில் 9 எம்எம் பிஸ்டல் சுடுபவருக்கு அல்ட்ராசோனிக் பொறுமையைச் சோதிக்கும். வெளியில் வைக்க இடம் இருந்தால் உலர் டம்பிளரே போதும். சேறும் களிம்பும் ஏறிய கூடுகளைப் பொறுக்கி வருபவருக்கு ஊசி முறைக்கு ஈடில்லை. ஐம்பது, நூறு என்று ரைஃபிள் கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஏற்றுபவருக்கும், அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கும் நான் அல்ட்ராசோனிக்கைத்தான் சொல்வேன். அதோடு பல அளவுக் கூடுகளுக்கும் பொருந்தும், பிரைமரைத் தட்டி எடுக்கும் பொது அச்சு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் குழி சுத்தமாகாது. எந்த முறையானாலும் பயன்படுத்தாத பிரைமர் இருக்கும் கூட்டையோ முழுத் தோட்டாவையோ உள்ளே போடவே கூடாது.

இரண்டு இயந்திரம் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள், முதலில் அல்ட்ராசோனிக்கில் கழுவி, எண்ணெய் தடவி அளவுக்கு அமுக்கி, அப்புறம் அந்த எண்ணெயைப் போக்க சோளக் குருணையில் அரை மணி நேரம் விடுகிறார்கள். அப்படிச் செய்தால், பிரைமர் பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஃபிளாஷ் துளையில் குருணை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.